முகம் தெரியும், பேர் தெரியாது

திருநெல்வேலிப் பக்கம் ஒருவரைக் காட்டி, “அவரைத் தெரியுமா?” என்று கேட்டால் தெரியும், தெரியாது என்று ஒற்றைச் சொல்லில் பதில் வராது. “முகம் தெரியும், பேர் தெரியாது” என்பார்கள். “பேச்சு உண்டும், போக்குவரத்து கிடையாது” என்பார்கள். “போக்குவரத்தெல்லாம் உண்டும், கொடுக்கல் வாங்கல் மட்டும் வச்சுக்கிடதில்ல” என்பார்கள். இதற்கும் மேலே கொண்டு கொடுத்தல் என்று ஒன்று இருக்கிறது. பெண் எடுத்துப் பெண் கொடுக்கிற இடம் அது. அங்கே சாதி வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். போக்குவரத்து என்றதும் வெளியூர்க்காரர்களுக்குப் பேருந்தும் லாரியும் நினைவுக்கு வரலாம். இங்கே அது ஒரு வீட்டார் இன்னொரு வீட்டாரின் நல்லது கெட்டதுக்குப் போய்வருவது.

இந்தப் படிகளை யாரும் எழுதி வைக்கவில்லை. யாரும் குழப்பிக்கொள்வதும் இல்லை. முகம் மட்டும் தெரிந்தவரிடம் போய்க் கைமாத்து கேட்டால் ஊர் சிரிக்கும். போக்குவரத்து உள்ளவரை விட்டுவிட்டு வெளியே வட்டிக்கு வாங்கினால் அவருக்கு மனக்குறை. “எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கப்பிடாதா?” என்று நாலு பேரிடம் சொல்லுவார். எந்தப் படியில் நிற்கிறோம் என்பது இரண்டு பக்கத்துக்கும் துல்லியமாகத் தெரியும்.

எனக்கு இதில் கீழ்ப்படிகள் இரண்டின் மேல்தான் ஆசை: முகம் தெரிவது, பேச்சு இருப்பது. நட்பைப் பற்றித் தமிழில் எழுதாதவர் குறைவு. உறவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இரண்டிலும் சேராமல் கிடக்கிற இந்தச் சரக்குக்கு ஊரில் ஒரே பெயர்தான். பழக்கம். “அவரு நமக்குப் பழக்கம்.”

காலையில் காப்பி குடிப்பதும் பழக்கம், சாப்பிட்டதும் வெற்றிலை போடுவதும் பழக்கம், முக்குத் தெருவில் சைக்கிள் கடை வைத்திருக்கிறவரும் பழக்கம். ஒரு மனிதரையும் ஒரு வெற்றிலையையும் ஒரே சொல்லில் அடக்குகிறோமே என்று யாரும் கூசுவதில்லை. கன்றை ஏருக்குப் பழக்குகிறார்கள். கோயில் யானை பழகின யானை. புதிதாக வாங்கின தோசைக்கல்லைப் பழக்க வேண்டும்: பாதி வெங்காயத்தை நல்லெண்ணெயில் தொட்டுத் தேய்த்துத் தேய்த்து, முதல் நாலைந்து தோசையைப் பிய்த்துப் பிய்த்து எடுத்து, கல்லும் கையும் ஒன்றுக்கொன்று இணங்குகிற மட்டும் விடக்கூடாது. சொல்லுக்குள் இருப்பது காலம்தான். பழ, பழைய, பழமை என்ற வரிசையில் காது அதைக் கொண்டுபோய் வைக்கிறது. பழுத்த பழத்தையும் இதோடு சேர்த்துக் கட்ட எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி பழத்துக்குத் தனி இடம் கொடுத்திருக்கிறது. நானும் அதைத் தனியாகவே விடுகிறேன். பழக்கம் நட்பாகக் கனிய வேண்டிய காய் என்ற எண்ணத்துக்கு அந்தப் பழம் வழி விட்டுவிடும். அந்த எண்ணத்தோடு எனக்கு வழக்கு இருக்கிறது.

செங்கோட்டையைக் கடந்து ஆரியங்காவுக் கணவாயில் இறங்கினால் இதே சொல் வேறு முகம் காட்டும். மலையாளத்தில் பழக்கம் என்றால் பழமை. நூறு வருஷம் பழக்கமுள்ள வீடு என்றால் நூறு வருஷத்துப் பழைய வீடு. ஆளைத் தெரிந்திருப்பதற்கு அங்கே பரிசயம் என்கிறார்கள். அந்த வடசொல் நமக்கும் பரிச்சயமாக வந்திருக்கிறது. ஆனால் எழுத்தில்தான் புழங்குகிறது, தெருவில் இல்லை. அறிமுகம் என்ற சொல் தெருவுக்கு வந்துவிட்டது. அதன் குணம் வேறு. அறிமுகத்துக்கு மூன்றாவது ஆள் ஒருவர் வேண்டும், அது நடந்த இடமும் நாளும் உண்டு. பழக்கத்துக்கு இரண்டும் கிடையாது. சைக்கிள் கடைக்காரர் என்றைக்குப் பழக்கமானார் என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. ஒருநாள் தலையசைத்தார், இன்னொரு நாள் “என்ன, மழ வருமா?” என்றார், பிறகு பார்த்தால் பழக்கமாகியிருந்தது.

வள்ளுவர் இந்த இடத்தில் எனக்குத் துணைக்கு வரமாட்டார். நட்புக்கென்று அடுத்தடுத்து அதிகாரங்கள் வைத்தவர் அவர். நட்பை ஆராய்வதற்கு ஒன்று, தீய நட்புக்கு ஒன்று, கூடா நட்புக்கு ஒன்று. நடுவில் 81ஆவது அதிகாரத்துக்குப் பழைமை என்று தலைப்பு. ஆசையோடு திறந்தால், நெடுநாள் நண்பர் உரிமையில் செய்கிற பிழையைப் பொறுத்துக்கொள்வது பற்றி அது பேசுகிறது. அங்கேயும் நட்புதான். நட்பு அதிகாரத்திலேயே இன்னொரு குறள், நட்புக்குக் கூடியிருப்பதும் பழகுவதும் தேவையில்லை, ஒத்த உணர்ச்சி இருந்தால் போதும் என்கிறது. பரிமேலழகர் அதற்குக் கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் எடுத்துக்காட்டுகிறார். உறையூர்ச் சோழனும் பாண்டிநாட்டுப் பிசிர் என்ற ஊர்க்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. சோழன் வடக்கிருந்து உயிர்விடத் துணிந்தபோது ஆந்தை வருவார் என்று இடம் ஒதுக்கச் சொன்னான். அவரும் வந்து சேர்ந்தார். நாம் கொண்டாடி வருகிற உயர்ந்த நட்பு இது, பழக்கமே இல்லாத நட்பு. தாமிரவருணிக் கரையில் அன்றாடம் காண்பது இதற்கு நேர் எதிர், நட்பே இல்லாத பழக்கம். முப்பது நாற்பது வருஷம் தினசரி பார்த்துப் பேசியிருப்பார்கள். ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

இந்த நிலைக்கென்றே நெல்லைப் பேச்சில் ஒரு இலக்கணம் இருக்கிறது. மற்ற பல ஜில்லாக்களில் பேச்சுத் தமிழ் நீ, நீங்க என்ற இரண்டோடு பிழைத்துப்போகிறது. இங்கே இடையில் நீர் இன்னும் சாகவில்லை. “நீரு எப்பம் வந்தீரு?” “வாரும், இரியும்.” “சும்மா சொல்லாதயும் வே.” நீ என்று சொல்கிற அளவுக்கு நெருக்கம் இல்லை, நீங்க என்று சொன்னால் தள்ளி வைத்ததாகிவிடும். நீர் என்பது கை எட்டுகிற தூரம். அந்த வே இருக்கிறதே, அது பெயர் தெரியாத குறையை அடைத்துவிடுகிறது. வே என்றால் போதும், திரும்பிப் பார்ப்பார். தன்னைவிட மூத்தவர் என்றால் அண்ணாச்சி. இதிலும் பெயர் வேண்டாம். கடைக்காரர் அண்ணாச்சி, நடத்துநர் அண்ணாச்சி, வழி கேட்கிற ஆளும் அண்ணாச்சி. நாள்முழுக்க ஒரு பெயரும் உச்சரிக்காமல் நூறு பேரோடு பேசிவிட்டு வீடு திரும்பலாம். நண்பனுக்குச் சேக்காளி என்ற தனிச்சொல் இருக்கிறது. சேக்காளியிடம் வே எடுபடாது. அங்கே லே தான்.

பெண்களுக்கு இந்த நடுப்படி கிடையாது. வே ஆண்களின் சொல். பெண்கள் ஏளா என்று உரிமையோடு கூப்பிடுவார்கள், இல்லையென்றால் அக்கா, மைனி, ஆச்சி என்று நேரே உறவுக்குப் போய்விடுவார்கள். பெண்ணுக்கு வெறும் பழக்கம் இருக்கலாம் என்பதை ஊர் நெடுங்காலம் ஒப்புக்கொள்ளவில்லை. ஆணுக்குப் பழக்கம் என்றால் அது செல்வாக்கு. பெண்ணைப் பற்றி “அவளுக்கு அவன்கூடப் பழக்கம்” என்று குரலைத் தாழ்த்திச் சொன்னால் சொல்லின் பொருளே வேறு. தொடர்பு என்ற நல்ல சொல்லும் இப்படித்தான் அழுக்காயிற்று. எந்த அகராதியிலும் இந்தக் குரல்தாழ்வு பதிவாகாது.

ஆனாலும் அவர்களுக்கும் பழக்கத்தின் இடங்கள் உண்டு. முக்கூடல், ஆலங்குளம், கடையம், மேலப்பாளையம் வட்டாரத்தில் பீடி சுற்றுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான். மடியில் சுளகு, சுளகில் நறுக்கின இலையும் தூளும், விரலில் நூல். அதில் அதிசயம், கண் பார்க்காமல் கை சுற்றிக்கொண்டிருக்கும். கண்ணும் வாயும் சும்மா இருக்கிறபடியால் திண்ணையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து உலகத்தைப் பேசித் தீர்க்கலாம். அது தெருக்காரிகளின் கூட்டம். சுற்றியதைக் கட்டிக்கொண்டு பீடிக்கடைக்குப் போனால் வேறு தெரு, வேறு சாதி, வேறு மதப் பெண்கள் வரிசையில் நிற்பார்கள். கடைக்காரர் ஒவ்வொரு கட்டாகப் பிரித்துப் பார்த்துச் சரியில்லாததைக் கழித்துப் போடுவார். தன் பீடியைக் கழிக்கிறபோது வாயடைத்து நிற்கிற பெண் அடுத்தவளுடையதைக் கழித்தால் சண்டைக்குப் போவாள்: “அந்த எலையே அப்படித்தான வே இருந்துச்சு, அவ என்ன செய்வா?” கோபத்தில் அங்கே வே வந்துவிடும். இரண்டு பேருக்கும் போக்குவரத்து கிடையாது. ஒருத்தி வீட்டில் மற்றவள் தண்ணீர் குடித்திருக்கமாட்டாள்.

ஆண்களின் இடம் ஆறு. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேர்கிற வரைக்கும் தாமிரவருணிக்கு ஏறத்தாழ 128 கிலோமீட்டர். பாபநாசம், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம், ஆத்தூர் என்று வழிநெடுகப் படித்துறைகள். விடிந்தும் விடியாமலும் தோளில் துண்டோடு, கையில் சோப்புப் பெட்டியோடு இறங்கி வருகிறவரைப் பார்த்து ஏற்கெனவே தண்ணீரில் நிற்கிறவர் கேட்பார், “என்ன, குளிக்கவா?” வேறு எதற்கு வருவார்? ஆனாலும் அவர் பொறுப்பாகப் பதில் சொல்வார், “ஆமா, ஒரு முங்கு போட்டுட்டுப் போவோம்னு.” அடுத்தது அணை. “எத்தன அடி நிக்கி?” பாபநாசம் அணையின் முழு மட்டம் 143 அடி. கார் நெல்லுக்கும் பிசான நெல்லுக்கும் அந்த எண்தான் ஜாதகம். வயலே இல்லாதவரும் அதைத் தெரிந்து வைத்திருப்பார். பிறகு தேர், தேர்தல், பக்கத்து ஊர்க் கொடை. வீட்டு விஷயம் வராது. பிள்ளைக்கு வேலை கிடைத்ததா, பெண்ணுக்கு இடம் அமைந்ததா என்று கேட்பது போக்குவரத்து உள்ளவர்களின் உரிமை. படித்துறையில் அதைக் கேட்கிறவரைப் பார்த்தால் மற்றவர்கள் கொஞ்சம் தள்ளி நின்று குளிப்பார்கள். கேட்காமலிருப்பதுதான் பழக்கத்தின் முதல் மரியாதை. நட்பில் கிடைக்காத ஒரு இளைப்பாறல் அதில் இருக்கிறது. நண்பனிடம் துயரத்தை ஒளிக்க முடியாது. பழக்கமானவரிடம் அதை இறக்கி வைத்துவிட்டுக் கால்மணி நேரம் அணையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கலாம்.

ஒரே ஒரு தருணத்தில் இந்தச் சட்டம் மாறும். கல்யாணத்துக்கு அழைப்பு வேண்டும். பெயர் தெரியாதவருக்கு எப்படி அழைப்பிதழ் எழுதுவது? துஷ்டிக்கு, அதாவது சாவுக்கு, அழைப்பு கிடையாது, காதில் விழுந்தாலே போதும். துஷ்டி வீட்டில் இறந்தவரின் பிள்ளைகள் இதுவரை கண்டிராத முகங்கள் வந்து உட்காரும். “அப்பாவும் நானும் ஆத்துல பழக்கம்” என்பார் ஒருவர். “பேப்பர் கடையில பாப்போம்” என்பார் இன்னொருவர். அதற்கு மேல் சொல்ல அவர்களுக்கும் ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, போய்விட்டு வருகிறேன் என்று சொல்லாமல் எழுந்து போவார்கள். துஷ்டி வீட்டில் அப்படிச் சொல்லக்கூடாது. தகப்பனாருக்கு வீட்டுக்குத் தெரியாத இன்னொரு ஊர் இருந்திருக்கிறது என்று பிள்ளைகளுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973இல் பலவீனமான இணைப்புகளின், அதாவது இந்த மாதிரிப் பழக்கங்களின், பலம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பாஸ்டனை அடுத்த நியூட்டன் நகரில், தெரிந்த ஆள் மூலமாக வேலை மாறியவர்களிடம், தகவல் தந்தவரை அப்போது எவ்வளவு அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டார். அடிக்கடி என்றவர்கள் 16.7 விழுக்காடு. எப்போதாவது என்றவர்கள் 55.6. வருஷத்துக்கு ஒருமுறை அல்லது அதற்கும் குறைவு என்றவர்கள் 27.8. நெருங்கினவர்களுக்கு நாம் அறிந்ததே தெரியும். தூரத்துப் பழக்கம்தான் வேறு உலகத்துச் சேதி கொண்டுவரும் என்பது அவர் கண்டது. சென்னையில் தெருவுக்குத் தெரு இருக்கிற அண்ணாச்சி கடைகளைப் பார்த்தால் இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். திருச்செந்தூர், சாத்தான்குளம், நாசரேத் பக்கத்துப் பையன்கள் பள்ளிக்கூடத்தை விட்டதும் மளிகைக் கடைக்கு ரயிலேறினார்கள். சொந்தக்காரர் கடைக்குப் போனவர்கள் உண்டு. “நம்ம ஊர்ப் பையன், தெரிஞ்சவுக சொல்லி அனுப்பினாக” என்ற ஒரு வரியின் பலத்தில் போனவர்களும் உண்டு. பொட்டலம் மடிக்கப் பழகி, கணக்குப் பழகி, பிறகு தனிக்கடை போட்டு அவர்களும் அண்ணாச்சி ஆனார்கள். ஊரில் யாரையும் கூப்பிடுகிற சொல் சென்னையில் ஒரு வியாபாரத்தின் பெயராகிவிட்டது.

கிரனோவெட்டரில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. அவர் பழக்கத்தை அதன் பயனால் எடைபோடுகிறார். வேலை கிடைத்தது, சேதி வந்தது, ஆகவே மதிப்பு. நம்மிடமும் அந்த எடைக்கல் உண்டு, அதன் பெயர் வேண்டியவர். “தாலுகா ஆபீஸ்ல நமக்கு வேண்டிய ஆளு ஒருத்தரு இருக்காரு.” நமக்கு அவர் வேண்டியவரா, நம் காரியத்துக்கு அவர் வேண்டுமா என்று பிரித்துச் சொல்ல முடியாத சொல் அது. படித்துறைக்காரர் வேண்டியவர் அல்ல. அவரால் ஆகப்போவது ஒன்றும் இல்லை. பழக்கம் சுத்தமாக இருப்பது அப்படிப்பட்ட இடத்தில்தான்.

எழுத்துலகத்திலும் நாம் வட்டங்களைத்தான் கொண்டாடி வந்திருக்கிறோம். ரசிகமணி டி.கே.சி. வீட்டு வட்டத்தொட்டியில் கூடியவர்களைப் பற்றி எவ்வளவோ எழுதியாயிற்று, அதற்குத் தகுதியும் உண்டு. எனக்கு அதைவிடத் திருநெல்வேலி சுடலைமாடன் கோயில் தெருவிலிருந்து விமர்சகர் தி.க.சி. எழுதிப்போட்ட அஞ்சலட்டைகளின் மேல் பிரியம். முகமே தெரியாத ஒரு புதுப்பையன் ஏதோ ஒரு சிறுபத்திரிகையில் எழுதிய கதைக்கு நாலு வரி. அதற்கு மேல் எழுத அட்டையில் இடமும் இருக்காது. பதில் போட்டால் இன்னொன்று வரும். வண்ணநிலவனின் ‘ரெயினீஸ் ஐயர் தெரு’ பாளையங்கோட்டைத் தெரு ஒன்றின் வீடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போகிற நாவல். ஜன்னல் வழியாக அடுத்த வீட்டைத் தெரிந்திருப்பதே அதற்குக் கதையாகிவிடுகிறது.

இதையெல்லாம் பெருமையாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. இந்தப் பள்ளத்தாக்கில் பழக்கம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு கேள்வி வரும். “தம்பிக்கு எந்த ஊரு?” ஊரைச் சொன்னால், “அங்க எந்தத் தெரு?” தெருவைச் சொன்னால், “அப்பா யாரு?” குரல் இனிமையாகத்தான் இருக்கும், காப்பிகூட வாங்கித் தருவார்கள். மூன்றாவது பதிலில் அவருக்கு வேண்டியது கிடைத்துவிடும். அதற்குப் பிறகுதான் நீரா, நீங்களா, நீயா என்று முடிவாகும். தலை நரைத்த ஒருவரைச் சின்னப்பையன் பெயர் சொல்லி லே போட்டுக் கூப்பிட்டதும், அந்தப் பெரியவர் அவனை அய்யா என்றதும் இதே கரைகளில்தான். அண்ணாச்சி என்ற சொல் எல்லோருக்கும் பொது என்று நான் மேலே எழுதினேன். எல்லோரும் அதைச் சொல்லலாம்; எல்லோருக்கும் அது சொல்லப்பட்டதில்லை. படித்துறைக்கும் தெரு உண்டு. எந்தப் படியில் யார் இறங்குவது என்பதும் தண்ணீர் கேட்டு எழுதினதல்ல.

இப்போது அந்த மூன்று கேள்விக்குக்கூடப் பொறுமை இல்லை. மணிக்கட்டில் என்ன நிறக் கயிறு என்று பார்த்தால் போதும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்புப் படித்த தலித் மாணவர் ஒருவரை அவர் வீட்டுக்குள்ளேயே புகுந்து அரிவாளால் வெட்டியவர்கள் அவருடைய பள்ளியிலேயே படித்தவர்கள். தடுக்கப்போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. ஒரே பேருந்து, ஒரே மணியோசை, ஒரே சாப்பாட்டு நேரம். பழக்கத்துக்கு வேண்டியது எல்லாம் இருந்தது. அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், மாணவர்கள் கையில் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடுக்க வேண்டும் என்பதும் ஒரு பரிந்துரை. உடனே எதிர்ப்பும் கிளம்பியது. கயிறு அறுந்தால் சாதி அறுந்துவிடுமா என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள். அறாது. ஆனால் முகத்துக்கு முன்னால் கை தெரிகிற இடத்தில் முகம் தெரிவதற்கு வழியே இல்லை. பேர் தெரியாமல், தெரு தெரியாமல், முதலில் முகத்தைத் தெரிந்துகொள்கிற அந்தச் சில நாட்கள் பிள்ளைகளுக்குக் கிடைக்கட்டும் என்று கேட்பது அதிகப்படி இல்லை.

மேம்போக்கான பழக்கத்தைக் கேலி செய்யத் தமிழில் ஒரு தொடர் இருக்கிறது, ரயில் சிநேகம். இயக்குநர் பாலசந்தர் தூர்தர்ஷனுக்கு எடுத்த தொடருக்கு இதையே பெயராக வைத்தார். சிநேகம் வடமொழியில் எண்ணெய்ப் பசையையும் குறிக்கும், அன்பையும் குறிக்கும். மருந்து நெய் குடிக்கக் கொடுப்பதை ஆயுர்வேத வைத்தியர்கள் சிநேகபானம் என்பார்கள். ரயிலில் ஒட்டுகிற பசை ரயிலடியிலேயே விட்டுப்போகும் என்பது கேலியின் சாரம். நெல்லை எக்ஸ்பிரஸில் எழும்பூருக்குப் போய்வந்தவர்களுக்கு இது தெரிந்ததுதான். கோவில்பட்டி தாண்டுவதற்குள் சாப்பாட்டுப் பொட்டலம் பிரிந்து, “ஒரு வாய் எடுத்துக்கிடுங்க” வந்துவிடும். விடிந்ததும் எழும்பூரில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம். செங்கல்பட்டு வந்ததுமே பேச்சு குறைந்துவிடும். ஒருவருக்கொருவர் கடன்படாமல் பிரிவதற்கு இருவருமாகச் செய்துகொள்கிற ஆயத்தம் அது. அதை நன்றிகெட்டதனம் என்று நான் சொல்லமாட்டேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்கோடி ஜில்லாக்களில் பெய்த மழை இந்த ரயில் சிநேகத்தைக் கொஞ்சம் சோதித்துப் பார்த்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். திருநெல்வேலியில் ஆறு ஊருக்குள் வந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னை எழும்பூருக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் 17ஆம் தேதி இரவு ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. அப்பால் தண்டவாளத்தின் கீழே மண்ணும் ஜல்லியும் அரித்துப்போய் இரும்பு அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. வண்டியில் ஏறத்தாழ 800 பேர். அவர்களில் சுமார் 300 பேரைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். அதற்குள் பாதையும் மூழ்கிவிட்டதால் மிச்சப்பேர் நிலையத்திலும் பெட்டிகளிலும் மாட்டிக்கொண்டார்கள். சுற்றிலும் தண்ணீர். கைப்பேசி செத்துப்போயிருந்தது. ஹெலிகாப்டரில் உணவுப்பொட்டலம் வருவதற்கு முன்னால் பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள் வந்தார்கள். அவர்கள் வீடுகளிலும் மின்சாரம் இல்லை, வெள்ளம் அவர்களுக்கும்தான். இருந்த அரிசியைச் சேர்த்துச் சமைத்துப் போட்டார்கள். பெட்டிக்குள் இருந்தவர்கள் பச்சைக்குழந்தைக்காரிக்கும் வயசாளிக்கும் கீழ்ப்படுக்கையை விட்டுக்கொடுத்து இருந்ததைப் பங்கிட்டார்கள். 19ஆம் தேதி மீட்புப் படையினர் அவர்களை வெளியே கொண்டுவந்து, வாஞ்சி மணியாச்சியிலிருந்து சிறப்பு ரயிலில் சென்னைக்கு ஏற்றிவிட்டார்கள்.

சோறு கொண்டுவந்தவர்களில் யாரும் எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டுவிட்டுப் பரிமாறியிருக்கமாட்டார்கள் என்று நம்ப எனக்கு ஆசை. கேட்க அவகாசமும் இல்லை. இலையில் சோறு விழுகிறபோது பயணிகள் அவர்களை என்ன சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை. “அண்ணாச்சி, இங்க ரெண்டு பேரு பாக்கி.”